பாடிக் கறந்த பால்: தொழிற்கூடத்தில் சிரிப்பும் அங்கீகாரமும்

1

1928 ஜனவரி. சிகாகோவை ஒட்டிய சிசெரோ என்ற ஊரில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் கம்பெனிக்குச் சொந்தமான ஹாதார்ன் ஆலை. அங்கே ஒரு தனி அறையில் தொலைபேசி ரிலேக்களைக் கோத்துக்கொண்டிருந்த ஐந்து பெண்களில் இருவர் வெளியேற்றப்பட்டார்கள். வேலை நேரத்தில் ஓயாமல் பேசுகிறார்கள், கண்டித்தால் கேட்பதில்லை, வேகம் போதாது என்பவை அவர்கள்மேல் சொல்லப்பட்ட குற்றங்கள். பேசினார்கள் என்று பெண்களைத் தள்ளுவது எந்த ஆலையிலும் நடக்கிற விஷயம்தான். ஆனால் இது சாதாரண அறை இல்லை. 'தொழிலாளியைச் சந்தோஷமாக வைத்தால் உற்பத்தி பெருகும்' என்று உலகம் முழுக்க மேலாண்மைப் பாடநூல்கள் ஓதிக்கொண்டிருக்கிற அந்தப் 'பேருண்மை' பிறந்தது இதே அறையில்தான்.

மகிழ்ச்சியான பணியிடம், நகைச்சுவை, பாராட்டு, அங்கீகாரம் என்பவை இன்று மனிதவளத் துறைகளின் அன்றாடச் சரக்கு. பல்பொருள் அங்காடியின் சுவரில் 'இம்மாதச் சிறந்த ஊழியர்' படம் தொங்குகிறது. கணினி நிறுவனங்களில் வெள்ளிக்கிழமை மாலை பாட்டும் விளையாட்டும் நடக்கின்றன. இதைக் கண்டு முகம் சுளிப்பது நமக்கு எளிது. அது போதாது. வேலையிடத்தில் சிரிப்பு வேண்டாம் என்றோ, உழைப்பவளைப் பாராட்டக் கூடாது என்றோ யாரும் சொல்லப்போவதில்லை. கேட்க வேண்டிய கேள்வி வேறு: அந்தச் சிரிப்பு யாருடையது? அந்த அங்கீகாரம் எதை அங்கீகரிக்கிறது? இந்தக் கேள்விகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. ஹாதார்ன் ஆலையின் இரண்டு அறைகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்த வரலாற்றின் முடிச்சு பிடிபடும்.

2

முதலில் ரிலே அறை. 1924 முதல் 1927 வரை ஆலையில் வெளிச்சத்தைக் கூட்டியும் குறைத்தும் உற்பத்தியை அளந்து பார்த்தார்கள். வெளிச்சம் கூடினாலும் உற்பத்தி ஏறியது. குறைத்தாலும் பல சமயம் ஏறியது. குழம்பிப்போய், 1927 ஏப்ரலில் ஐந்து பெண்களையும், அவர்களுக்கு உதிரிபாகம் எடுத்துக்கொடுக்க இன்னொரு பெண்ணையும் பெரிய கூடத்திலிருந்து பிரித்துத் தனி அறையில் உட்கார வைத்தார்கள். கூடவே குறிப்பெடுக்க ஒரு பார்வையாளர். இடைவேளை கொடுத்தார்கள், அதை நீட்டினார்கள், காலைச் சிற்றுண்டி கொடுத்தார்கள், வேலை நேரத்தைக் குறைத்தார்கள். மருத்துவப் பரிசோதனை அன்று ஐஸ்கிரீமும் கேக்கும் உண்டு. எப்போதும்போல இயல்பாக, மனசுக்குத் தோன்றுகிறபடி வேலை செய்யுங்கள் என்று சொல்லப்பட்டது.

அந்த இருவர் இதை அப்படியே நம்பிவிட்டார்கள். மனசுக்குத் தோன்றியபடி பேசினார்கள். கண்டித்தபோது, நீங்கள்தானே எங்கள் இஷ்டப்படி வேலை செய்யச் சொன்னீர்கள் என்று திருப்பிக் கேட்டார்கள். இதைவிட நியாயமான கேள்வி எதுவும் அந்த ஆய்வில் கேட்கப்படவில்லை. இஷ்டம்போல் இரு என்ற கட்டளைக்குள் ஒளிந்திருந்த நிபந்தனையை அவர்கள் வெளியே இழுத்துப் போட்டார்கள். அவர்களுக்குப் பதிலாக இரண்டு பேர் கொண்டுவரப்பட்டார்கள். வேகமான கைகள். ஒருத்திக்குக் குடும்பப் பாரம் தலைமேல் இருந்தது. உற்பத்தி ஏறத் தொடங்கியது. காலப்போக்கில் ஏறத்தாழ 30 சதவீதம்வரை ஏறியது. அதற்குப் பிறகு அறையில் பேச்சும் சிரிப்பும் தாராளமாக அனுமதிக்கப்பட்டன. பால் சுரக்கும்போது மாடு தலையாட்டினால் யார் தடுக்கப்போகிறார்கள்?

ஹார்வர்டு வணிகப் பள்ளியிலிருந்து எல்டன் மேயோ இந்த ஆய்வுக்குள் வந்தது 1928-இல். ஆஸ்திரேலியாவில் பிறந்தவர். தொழிலாளரின் கிளர்ச்சிக்குக் காரணம் கூலியைவிட, அவர்களது மனதுக்குள் ஓடும் இருண்ட பகற்கனவுகளே என்று நம்பியவர். ரிலே அறை அவருக்குக் கிடைத்த பொக்கிஷம். இடைவேளையோ சிற்றுண்டியோ காரணமில்லை. பெண்கள் தாங்கள் கவனிக்கப்படுகிறோம், மதிக்கப்படுகிறோம் என்று உணர்ந்தார்கள், ஒரு குழுவாக ஆனார்கள், ஆகவே உற்பத்தி பெருகியது என்ற கதையாடல் உருவாயிற்று. 1933-இல் மேயோவின் நூல், 1939-இல் ரோத்லிஸ்பெர்கரும் டிக்சனும் எழுதிய பெரிய நூல் என்று அது நிலைபெற்றது. 'மனித உறவுகள்' என்று ஒரு துறையே கிளம்பியது.

இந்தக் கதையாடல் எதை வெளியே தள்ளியது? முதலில், வெளியேற்றப்பட்ட அந்த இருவரை. அடுத்து கூலியை. தனி அறைக்கு வந்ததும் அவர்களது கூலிக் கணக்கு மாற்றப்பட்டிருந்தது. முன்பு பெரிய பிரிவு முழுவதன் உற்பத்தியை வைத்துக் கூலி. இப்போது இந்தச் சின்னக் குழுவின் உற்பத்தியை வைத்தே கூலி. கையை வேகமாக ஓட்டினால் காசு கையில் தெரியும். 1967-இல் அலெக்ஸ் கேரி ஹாதார்ன் ஆய்வின் சொந்த ஆதாரங்களையே எடுத்துவைத்து, கூலியும் கண்டிப்பும் செய்த வேலையை நட்பான மேற்பார்வையின் கணக்கில் எழுதிவிட்டார்கள் என்று காட்டினார். கேரியின் விமரிசனம் சமூகவியல் இதழில் கிடக்கிறது. மேயோவின் கதைதான் பாடநூலில் இருக்கிறது.

'ஆடுகிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடுகிற மாட்டைப் பாடிக் கறக்கணும்' என்று நம் ஊரில் சொல்வார்கள். மேயோவுக்கு முன்னால், 1911-இல் டெய்லர் எழுதிய விஞ்ஞான மேலாண்மை, மாட்டைக் கட்டிப்போட்டு, நேரத்தை அளந்து கறப்பது. மேயோ பாடிக் கறக்கக் கற்றுக்கொடுத்தார். இந்த உவமை நமக்கு மட்டும் தோன்றியதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க மோட்டார்த் தொழிலாளர் சங்கத்தினர் இந்தப் புதிய நிபுணர்களை 'மாட்டுச் சமூகவியலாளர்' என்று கேலி செய்தார்கள். திருப்தியான மாடு அதிகம் கறக்கும் என்பதுதானே அவர்களது கோட்பாடு!

3

இனி இரண்டாவது அறை. 1931 நவம்பர் முதல் 1932 மே வரை அதே ஆலையில் 14 ஆண்களை ஓர் அறையில் வைத்துக் கவனித்தார்கள். தொலைபேசி இணைப்பகத்துக்கான பலகைகளில் கம்பி பிணைப்பது, பற்றவைப்பது, சோதிப்பது அவர்கள் வேலை. இங்கே எந்தச் சலுகையும் தரப்படவில்லை. பார்வையாளர் சும்மா உட்கார்ந்து பார்த்தார். அவர் கண்டது ஒரு திருவிழா. பந்தயம் கட்டினார்கள், காசு சுண்டினார்கள், பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள், ஒருவர் வேலையை ஒருவர் மாற்றிச் செய்தார்கள். யாராவது அளவுக்கு மீறி வேகமாக வேலை செய்தால் பக்கத்தில் இருப்பவன் அவன் மேற்கையில் ஓங்கி ஒரு குத்து விடுவான். அது ஒரு விளையாட்டு. குத்து வாங்கியவன் திருப்பிக் குத்தலாம். ஆனால் குத்தின் பொருள் எல்லாருக்கும் தெரியும்: அடேய், போதும், நிறுத்து.

ஒரு நாளைக்கு இரண்டு கருவிகள் என்பது அவர்களாகவே வகுத்துக்கொண்ட கணக்கு. அதற்குமேல் செய்தால் கூலி விகிதத்தைக் குறைப்பான், அல்லது நம்மில் ஒருவனை வீட்டுக்கு அனுப்புவான் என்பது அவர்கள் வாதம். அந்தக் கணக்கைக் காப்பாற்றியது கேலி. வேகக்காரனுக்கும் பட்டப்பெயர், சோம்பேறிக்கும் பட்டப்பெயர், மேலாளிடம் போய்ச் சொல்பவனுக்குப் பேச்சே கிடையாது.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகைக்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறது. அவற்றில் முதலாவது எள்ளல். அதை உரையாசிரியர் பேராசிரியர் இரண்டாகப் பகுக்கிறார்: தான் பிறரை எள்ளி நகுவது ஒன்று, பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுவது இன்னொன்று. அழகியல் பற்றிய இந்தப் பகுப்பு தொழிற்கூடத்துக்கு அப்படியே பொருந்துகிறது. சிரிப்புக்குத் திசை உண்டு. கம்பி அறையில் எள்ளியவனே அடுத்த நிமிடம் எள்ளப்படுவான். இரண்டு திசையிலும் சிரிப்பு ஓடியது. மேலாளர் ஜோக் அடிக்கிறார், ஊழியர் சிரிக்கிறார் என்றால் அது ஒருவழிப்பாதை. அங்கே ஊழியர் திருப்பி எள்ள முடியாது. எள்ளினால் அது நகைச்சுவையாகக் கொள்ளப்படாது, ஒழுங்கீனமாகப் பதிவாகும்.

ஆய்வாளர்கள் கம்பி அறையை எப்படிப் படித்தார்கள்? நிர்வாகம் திறனின் தர்க்கத்தால் இயங்குகிறது. தொழிலாளி உணர்ச்சியின் தர்க்கத்தால் இயங்குகிறான் என்று எழுதினார்கள். கூலி குறையும், வேலை போகும் என்ற அச்சத்துக்கு அவர்களது அனுபவத்தில் ஆதாரம் இல்லை என்றார்கள். நடந்தது என்ன? 1932-இல் வேலை இல்லாததால் அந்த அறையே மூடப்பட்டது. பெருமந்தத்தில் ஹாதார்ன் ஆலை ஆயிரம் ஆயிரமாக ஆட்களை வெளியே அனுப்பியது. உணர்ச்சி என்று சொல்லப்பட்ட அந்தக் கணக்குதான் சரியாக இருந்தது. திறன் பேசியவர்களின் கணக்கு பொய்த்தது.

இப்படியாக ஒரே ஆலையில் இரண்டு விதமான சந்தோஷம். ரிலே அறையின் சந்தோஷம் அளக்கப்பட்டது, பாராட்டப்பட்டது, உலகுக்கு ஏற்றுமதியானது. கம்பி அறையின் சந்தோஷம் ஒரு 'பிரச்சினை'யாகக் குறிக்கப்பட்டது. ஒன்று உற்பத்திக்கு உதவிற்று, மற்றது உழைப்பவருக்கு. வேறுபாடு அவ்வளவுதான்.

4

கம்பி அறையின் சிரிப்பை எதிர்ப்பு என்று கொண்டாடிவிட்டு எழுந்து போய்விடலாமா? அப்படி முடிந்துவிடாது. பக்தினைப் படித்த சூட்டில் நம்மில் பலர் எங்கே சிரிப்புக் கேட்டாலும் கலகம் என்று எழுதிவிடுகிறோம். டொனால்டு ராய் என்ற சமூகவியலாளர் அச்சு வெட்டும் எந்திரங்கள் இருந்த ஓர் அறையில் தானே தொழிலாளியாக வேலை செய்து, அதைப் பற்றி 'வாழைப்பழ நேரம்' என்ற கட்டுரையை எழுதினார். 1959-60 காலத்தில் வந்த கட்டுரை. வாரம் ஆறு நாள், நாளுக்குப் பன்னிரண்டு மணி நேர அளவு வேலை. கையை ஒரே மாதிரி அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பைத்தியம் பிடிக்காமல் அவர்களைக் காப்பாற்றியது சில விளையாட்டுகள். தினமும் ஒரே நேரத்தில் ஒருவர் இன்னொருவரின் சாப்பாட்டுப் பெட்டியிலிருந்து வாழைப்பழத்தைத் திருடித் தின்பார். பறிகொடுத்தவர் திட்டுவார். ஆனால் மறுநாளும் பழம் கொண்டுவருவார். பீச் பழத்துக்கு ஒரு நேரம், ஜன்னலைத் திறந்துவிட்டுச் சண்டை போட ஒரு நேரம், மீனுக்கு ஒரு நேரம். ஒருநாள் கேலி எல்லை மீறிப்போய் மனம் முறிந்தது. சிரிப்பு நின்ற அந்த நாட்களில் களைப்பு முழுசாகத் திரும்பி வந்தது என்று ராய் பதிவு செய்கிறார்.

இங்கே சிரிப்பு யாரையும் எதிர்க்கவில்லை. பன்னிரண்டு மணி நேரத்தைத் தாங்க உதவியது. மைக்கேல் புராவோய் இன்னும் ஒருபடி போனார். ராய் 1944-45-இல் வேலை செய்த இன்னொரு ஆலையிலேயே, முப்பது ஆண்டு கழித்து அவரும் எந்திரத் தொழிலாளியாகச் சேர்ந்தார். தான் சேர்ந்தது ராயின் ஆலை என்பது அவருக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. கூலி விகிதத்தை எட்டிப்பிடிப்பதையே தொழிலாளர்கள் ஒரு விளையாட்டாக ஆடுகிறார்கள், ஆட்டத்தில் இறங்கியவன் ஆட்டத்தின் விதிகளைக் கேள்வி கேட்பதில்லை, இப்படித்தான் இசைவு ஆலைக்குள்ளேயே உற்பத்தியாகிறது என்பது 1979-இல் வந்த அவரது நூலின் வாதம்.

ஆக, தொழிலாளியின் சிரிப்பு தன்னளவில் புரட்சியும் இல்லை, சரணாகதியும் இல்லை. அது ஓர் இடம். அந்த இடத்தில் ஆட்கள் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்கிறார்கள். பிறகு அதை என்ன செய்கிறார்கள் என்பது வேறு காரணங்களைப் பொறுத்தது. இத்தாலியச் சிறையில் அமெரிக்கமயம் பற்றிக் குறிப்பெழுதிய கிராம்ஷி ஒன்றைக் கவனித்தார். ஃபோர்டு ஆலையின் வேலை உடம்பை எந்திரமாக்கிவிட்டால், மூளை செத்துவிடாது. அதற்கு ஓய்வு கிடைக்கிறது. அது தனக்கு ஒத்துவராத சிந்தனைகளை நோக்கிப் போகக்கூடும் என்று முதலாளிகளே பயந்தார்கள். கையும் காலும் கம்பெனிக்கு, வாயும் மூளையும் நமக்கு என்ற அந்த மிச்ச இடத்தில்தான் கேலி பிறக்கிறது. மேயோவுக்குப் பின் வந்த மேலாண்மையின் கண் அந்த மிச்ச இடத்தின் மேல்தான்.

ஹாதார்ன் ஆலையே இதற்கு உதாரணம். 1928-30-இல் சுமார் 21,000 தொழிலாளரைப் பேட்டி கண்டார்கள். 1936-இல் 'ஆலோசகர்'களை நியமித்தார்கள். அவர்கள் வேலை, தொழிலாளியின் குறைகளைப் பொறுமையாகக் கேட்பது. கேட்பதோடு சரி, குறையைத் தீர்க்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. 1935-இல் வாக்னர் சட்டம் வந்து, தொழிலாளர் தேர்ந்தெடுக்கும் சங்கத்தோடு பேரம் பேச வேண்டும் என்று முதலாளிகளைக் கட்டாயப்படுத்திய அடுத்த ஆண்டு அது. ஒரு பக்கம் தொழிலாளி கூட்டாகப் பேசும் உரிமை. மறுபக்கம் தனித்தனியாக மனம்விட்டுப் பேச ஒரு காது. இரண்டும் ஒரே காலத்தில் வந்ததைத் தற்செயல் என்று விட்டுவிட முடியாது.

5

முதலாளித்துவத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் தப்பிக்கவும் முடியாது. 1935 ஆகஸ்ட் 31 அன்று தோன்பாஸ் சுரங்கத்தில் ஸ்தகானவ் ஒரே ஷிப்டில் 102 டன் நிலக்கரி வெட்டினார் என்று அறிவிக்கப்பட்டது. நிர்ணயிக்கப்பட்ட அளவு 7 டன். அவருக்குத் தூண் நிறுத்தவும் மரம் தாங்கவும் உதவியாளர்கள் இருந்தார்கள். பெயர் அவருக்கு மட்டும். படம், பதக்கம், வீடு, விழா. 'சிறந்த ஊழியர்' என்ற சுவர்ப்படத்தின் மிகப் பெரிய முன்மாதிரி சோஷலிச நாட்டில்தான் நடந்தது. அடுத்த ஆண்டே பல தொழில்களில் எல்லாருக்கும் அளவு உயர்த்தப்பட்டது. கம்பி அறைக்காரர்கள் கையில் குத்தியது ஏன் என்பது அங்கே புரிந்திருக்கும். ஸ்தகானவியர்களைச் சக தொழிலாளர் வெறுத்தார்கள், சில இடங்களில் தாக்கினார்கள். அரசை எள்ளி ஜோக் சொன்னவர்கள் சோவியத் எதிர்ப்புப் பிரச்சாரம் என்ற சட்டப்பிரிவில் முகாமுக்குப் போனார்கள். மேலிருந்து வரும் பாராட்டு, கீழிருந்து வரும் எள்ளலைத் தாங்காது. கொடி எந்த நிறமானாலும் இதில் மாற்றமில்லை.

6

சரி, இன்றைக்கு வருவோம். அமெரிக்காவில் டி-மொபைல் கம்பெனி தன் ஊழியர் கையேட்டில் நேர்மறையான பணிச்சூழலைக் காக்க வேண்டும் என்று விதி வைத்திருந்தது. அது சங்கம் சேரும் பேச்சை முடக்கும் என்று 2016-இல் தேசியத் தொழிலாளர் உறவு வாரியம் தீர்ப்பளித்தது; 2017-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தப் பகுதியை மாற்றி, விதி செல்லும் என்றது. பிரான்சில் ஒரு ஆலோசனை நிறுவனம், குடியும் கூத்துமான தன் 'கேளிக்கை' பண்பாட்டில் கலந்துகொள்ளாத ஊழியரை 2015-இல் நீக்கியது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம், கேளிக்கையில் சேர மறுப்பது அவரது கருத்துச் சுதந்திரம் என்றது. சிரிக்காமல் இருக்கும் உரிமைக்குக் கோர்ட்டுக்குப் போக வேண்டிய காலத்துக்கு நாம் வந்து சேர்ந்திருக்கிறோம்.

தமிழில் 'அங்கீகாரம்' என்ற சொல் ஒரு நல்ல காரியம் செய்கிறது. மேலாளர் முதுகில் தட்டிக்கொடுப்பதும் அங்கீகாரம். சங்கத்தை ஏற்பதும் அங்கீகாரம். இரண்டும் ஒரே சொல்லுக்குள் மோதிக்கொள்கின்றன. 1918 ஏப்ரலில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. பின்னி கம்பெனி அதன் தலைவர் வாடியா முதலானோர் மேல் உயர்நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. அந்த வழக்கின் பின்னணியில்தான் 1926-இன் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. அது சங்கத்துக்குப் பதிவைத் தந்தது. முதலாளி அதை அங்கீகரித்தாக வேண்டும் என்று சொல்லவில்லை. 1947-இல் அதற்கென நிறைவேறிய திருத்தம் நடைமுறைக்கே வரவில்லை. பல பத்தாண்டுகள் இப்படியே ஓடின. 2020-இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத்தொகுப்பு, பல சங்கங்கள் உள்ள இடத்தில் 51 சதவீத ஆதரவு உள்ள சங்கத்தைப் பேரம் பேசும் ஒரே சங்கமாக ஏற்கச் சொல்கிறது. ஆனால் வேலைநிறுத்தத்துக்கு எல்லாத் தொழிலிலும் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியதும் அதே சட்டம்தான்.

2024 செப்டம்பர் 9-இல் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலைத் தொழிலாளர் ஆயிரம் பேருக்கு மேல் வேலையை நிறுத்தினார்கள். 37 நாள். கூலி உயர்வும் கேட்டார்கள்; ஆனால் முதன்மையாகக் கேட்டது சங்கத்துக்கு அங்கீகாரம். நிர்வாகம் ஒரு தொழிலாளர் குழுவோடு பேசி ஒப்பந்தம் போட்டது. தான் பேச விரும்பியவர்களோடு பேசியது. சங்கத்தின் பெயரில் கம்பெனியின் பெயர் வரக்கூடாது என்றும் ஆட்சேபித்தது. 2025 ஜனவரியில்தான் சங்கம் பதிவானது. பரிசும் பாராட்டும் தனி ஆளுக்குக் கொடுக்கலாம், கொடுத்தபின் திரும்ப எடுத்தும்விடலாம். சங்கத்துக்குக் கொடுத்த அங்கீகாரம் அப்படியில்லை. அது எதிரில் நாற்காலி போட்டு உட்காரும்.

நாற்காலி என்பது உவமை மட்டுமில்லை. ஜவுளிக்கடையில் காலை முதல் இரவுவரை நின்றுகொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் சிரித்த முகம் காட்டும் பெண்ணுக்கு உட்கார ஒரு இருக்கை வேண்டும் என்று சட்டம் சொல்ல 2021 ஆகவேண்டியிருந்தது. அதற்கு முன்பே கேரளத்தில் கடைப் பெண்கள் போராடி 2018-இல் அந்த உரிமையைப் பெற்றார்கள். சிரிப்பைக் கூலிக்கு வாங்கிக்கொண்டவர்கள் ஒரு ஸ்டூலைத் தரத் தயங்கினார்கள் என்பதை 'மகிழ்ச்சியான பணியிடம்' பற்றி வகுப்பெடுப்பவர்களிடம் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம்.

கடைசியாக நம் தரப்புக்கு ஒன்று. சங்கக் கூட்டம் என்றால் இறுகிய முகம், மூன்று மணி நேர உரை, மேடையில் ஆண்கள் என்று ஆகிவிட்டது. உறுப்பினர் தலைவரை எள்ளிப் பேசினால் நம் ஆட்களும் அதை ஒழுங்கீனம் என்றே பதிவு செய்கிறார்கள். கொடி பிடித்தவரை, சுவரொட்டி ஒட்டியவரை, போராட்டப் பந்தலில் சோறாக்கிய பெண்ணைப் பெயர் சொல்லிப் பாராட்ட நமக்கு நேரமிருப்பதில்லை. கம்பி அறையில் அந்த 14 பேரும் தங்களுக்குள் ஓடவிட்ட இருதிசைச் சிரிப்புக்கு நம் அலுவலகங்களில் இடமில்லை என்றால், அதை வாங்கிக்கொள்ள மனிதவளத் துறை காத்திருக்கிறது. அந்த இரண்டு பெண்கள் கேட்ட கேள்வியை மேலாளரிடம் கேட்பதற்கு முன் நம்மிடமும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது: இஷ்டம்போல் பேசுங்கள் என்று சொல்லிவிட்டு, பேசியவர்களை நாம் என்ன செய்தோம்?